சண்டை நின்ற தொட்டி

மஞ்சள் மீனின் முதுகுத் துடுப்பில் ஒரு துண்டைக் காணவில்லை. வியாழக்கிழமை காலை கிளினிக்கைத் திறந்ததும் பிரதீபா முதலில் பார்த்தது அதைத்தான்.

பல் பிடுங்கப் பயந்து அழும் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கட்டும் என்று காத்திருப்பு அறையில் அவள் வைத்திருந்த நாலடிக் கடல்நீர்த் தொட்டியில் மூன்று வாரமாகச் சண்டை. உள்ளங்கையளவு மீன்கள் இரண்டே இரண்டுதான். புதிதாக விட்ட மஞ்சள் மீனை, முன்பிருந்தே அங்கே குடியிருக்கும் ஊதா மீன் கல்லுக்குக் கல் விரட்டியது. நான்கு நாள் அடைத்து வைத்தால் அதன் திமிர் அடங்கும், அதற்குள் புதியது தனக்கென்று ஓரிடம் பிடித்துக்கொள்ளும் என்று, முந்தின நாள் மாலைதான் ஊதா மீனைத் துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் விட்டு, மூடியின் கொக்கியை மாட்டி, அதே தொட்டிக்குள் தொங்கவிட்டிருந்தாள்.

பெட்டி மூடியபடியே இருந்தது. ஊதா மீன் உள்ளேதான் இருந்தது.

"மீனு கடிச்சா இப்படி இருக்காதுங்க டாக்டர்." உதவியாளர் சௌந்தரநாயகி கண்ணாடியோரம் குனிந்தாள். அவளுடைய அப்பாவும் அண்ணன்களும் அதிராம்பட்டினத்தில் கடலுக்குப் போகிறவர்கள். "நார் நாரா கிழிஞ்சிருக்கும். இது வெட்டுன மாதிரில்ல இருக்கு."

"கல்லுக்குள்ள நண்டு ஏதும் ஒளிஞ்சிருக்குமோ?"

"நண்டு கிள்ளும். கடிக்காதுங்க."

பிரதீபா மஞ்சள் மீனை வலையில் ஏந்தி, சிகிச்சையின்போது அணியும் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்தாள். சுத்தமான அரைவட்டம். அதன் விளிம்பில் ஒன்றையொன்று ஒட்டி நான்கு சின்ன வளைவுகள். ஊதா மீனின் வாய் ஒரு பட்டாணி அளவுகூட இல்லை. பதினோரு வருடமாகத் தினமும் பார்க்கிற வரிசைதான் இது. அளவுகோலை வைத்துப் பார்க்கத் தேவையே இல்லை. ஆனாலும் வைத்துப் பார்த்தாள்.

பால்பற்கள். இரண்டு வயது இருக்கலாம்.

மீனை மெல்லத் தொட்டிக்குள் திரும்ப விட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கே பட்டுக்கோட்டை இருட்டிவிட்டது. ஐப்பசி மழை தகரக் கூரைகளின் மேலும் தென்னை மட்டைகளின் மேலும் விடாமல் இறங்க, ஈரச் சாக்கின் வாடையும் கிராம்புத் தைலத்தின் நெடியும் கலந்து அறைக்குள் கனத்துக் கிடந்தன. நோயாளிகள் யாரும் வரவில்லை. தீனி போடக் குனிந்தபோதுதான் கவனித்தாள். பெட்டியின் கொக்கி மாட்டியபடியே இருந்தது. உள்ளே, ஊதா மீனின் துடுப்பிலும் அதே அரைவட்டம்.

"நான் வேணும்னா கூட இருக்கட்டுங்களா?" பையைத் தோளில் மாட்டியபடி சௌந்தரநாயகி கேட்டாள்.

"வேணாம். பஸ்ஸை விட்டுட்டா மழையில மாட்டிக்குவ. கிளம்பு."

அவள் போனதும் பிரதீபா பெட்டியைத் திறந்துவிட்டாள். ஊதா மீன் நேராக மஞ்சள் மீனை நோக்கிப் பாய்ந்தது. இவள் வலையைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஆனால் அது கடிக்கவில்லை. மஞ்சள் மீனின் விலாவோடு விலாவாக ஒட்டிக்கொண்டது. இரண்டும் பின்பக்கக் கண்ணாடியின் மூலையில், துடுப்புகள் மட்டும் நடுங்க, அசையாமல் நின்றன.

மூன்று வாரச் சண்டை நின்றுவிட்டது.

அந்தக் கற்களுக்குள்தான் ஏதோ இருக்கிறது. தொட்டியின் காற்று மோட்டாரை அணைத்தாள். இத்தனை நாள் காதுக்குப் பழகிப்போயிருந்த குமிழிச் சத்தம் நின்றதும் மழைகூடத் தொலைவில் பெய்வதுபோல் இருந்தது. கையைத் தோள்வரை விட்டு, ஒவ்வொரு கல்லாகத் தடவி, பொந்துகளில் விரல் நுழைத்து, வெளியே எடுத்து வாளியில் வைத்தாள். நான்காவது கல். ஏழாவது. கடைசிக் கல்லை எடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒன்றுமில்லை. மணலைக் கிளறினாள். வெறும் மணல்.

"அப்பாடா" என்று சிரிப்புகூட வந்தது.

மீன்கள் மட்டும் அந்த மூலையை விட்டு நகரவில்லை. ஒளிய ஒரு கல்கூட இல்லாத தொட்டியில், இரண்டின் தலையும் அறையைப் பார்த்தபடி இருந்தன. அவளைத்தான் பார்க்கின்றனவோ என்று நான்கடி விலகி நின்று பார்த்தாள். தலைகள் திரும்பவில்லை.

அவை அவளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தன.

அது இருப்பது கற்களுக்குள் அல்ல. தொட்டிக்குள்ளேயே அல்ல.

தரையில் தண்ணீர். அவள் கையிலிருந்து சொட்டியது அல்ல. அவள் அந்தப் பக்கம் போகவே இல்லை. தொட்டியின் மறுமுனையில் தொடங்கி, சிகிச்சை அறையின் வாசல்வரை. சொட்டுச் சொட்டாக.

உள்ளே மோட்டார் உறுமியது. பல் மருத்துவ நாற்காலி மெல்ல மேலே ஏறும் சத்தம். கால் சுவிட்சை யாராவது மிதித்தால்தான் அது ஏறும்.

அவள் வேலை செய்யும் உயரத்துக்கு வந்ததும் நின்றது.

விளக்கு எரிந்தது.

நாற்காலியில் சாய்ந்து கிடந்தது அது. நனைந்த சின்னக் கால்கள் இரண்டும் தரையை எட்டவில்லை. அவள் எதுவும் சொல்லும் முன்பே, நல்ல பிள்ளையாக, விளக்கைப் பார்த்து வாயைத் திறந்தது.

இன்னும் திறந்தது.

திறந்துகொண்டே போனது.