சுவரில் விட்ட முகம்

ஈரப் பஞ்சைச் சற்றே அழுத்தித் தேய்த்துவிட்டேன். ஒரு மனிதனின் மூக்கும் வாயும் கரைந்து என் வாளிக்குள் இறங்கின. இருபது ஆண்டுகளாகப் பழஞ்சுவர்களைக் காப்பாற்றுகிற நிபுணன் நான். சிரிக்காதீர்கள்.

எங்கள் பல்கலைக்கழகத்தின் மணிக்கூண்டுக்குக் கீழே பழைய மாணவர் சிறை இருக்கிறது. வாள்சண்டை போட்டவனையும் குடித்துக் கலாட்டா செய்தவனையும் அந்தக் காலத்தில் பேராசிரியர்களே அடைத்துவைத்த அறை. விடுதலையாகிறவன் தன் பக்கவாட்டு முக நிழலை மெழுகுவத்திக் கரியால் சுவரில் தீட்டிவிட்டுத்தான் போக வேண்டும். முகம் வைக்காதவனுக்குக் கதவு திறக்காது.

"ஆளையே கழுவிட்டியா டெட்லெஃப்?" சிரித்தாள் கூட வேலை செய்யும் கெசீனா. "மூணு பேரை வெட்டிக் கொன்னவனாம். கோச்சுக்கப் போறான்."

"காவல்காரி லோமன் அம்மாகிட்ட சொல்லிடாத, தாயே."

பிற்பகல் மூன்று மணி. ஓக் மரக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

ஈர இரும்பின் வாடை.

காற்றில் ஏதோ 'விஷ்'ஷென்று போயிற்று. கெசீனாவின் கன்னம் காதுவரை பிளந்து, பல் தெரிந்தது. அவள் கத்துவதற்குள் இரண்டாவது வீச்சு தோளில் இறங்கியது. சுண்ணாம்புச் சுவரில் ரத்தம் விசிறியடித்தது.

வெட்டுகிறவனைக் காணவில்லை.

கதவின் சாப்பாட்டுத் துவாரத்தில் காவல்காரி லோமனின் கண்கள் தெரிந்தன.

"திறங்க! உள்ள யாரு இருக்கா?"

"பழைய கட்டடம்... குளிர்ல மரம் இறுகிக்கும்."

"அவ சாகப்போறா! என்ன செய்யணும்?"

"எனக்கென்ன தெரியும், சார்..."

கெசீனாவின் மேல் குப்புற விழுந்து மறைத்தேன். என் முதுகு கிழிந்தது. முகம் வைத்தால்தானே திறக்கும்? அழிந்தவனின் மூக்கு யாருக்கு நினைவிருக்கிறது! வேலைக்கு வைத்திருந்த மெழுகுவத்தியைக் கொளுத்தி, அதன் கரியை விரலால் தொட்டு அந்த வெற்றிடத்தில் என் நிழலையே தீட்டினேன். என் மோவாய் அழகுக்குப் பரிசு கிடைக்காது, இருந்தாலும் தீட்டினேன்.

கதவு திறந்தது.

கெசீனாவைத் தூக்கக் குனிந்தேன். என் கைகள் நிழல்போல் அவளை ஊடுருவிப் போயின, தொடவில்லை.

யாரோ அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்கள். என் கோட்டு. என் வழுக்கை. என் மோவாய்.

"டெட்லெஃப்... என்னை விட்டுடாத," என்று அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

கதவு மூடியது. துவாரத்தில் வாயை வைத்துக் கெஞ்சினேன்.

"அம்மா, இப்பவாவது நேராச் சொல்லுங்க. என் உடம்புல போறவன் அவளை உயிரோட விடுவானா?"

லோமன் முதன்முறையாக என் கண்ணைப் பார்த்தாள்.

"விடமாட்டான்."