மயிலையின் பொய்ப்புகை

காலை ஆறு மணிக்கு மயிலை அன்றைய முதல் பொய்யைச் சொன்னது.

தண்ணீர் லாரி தொட்டியை நிரப்பிவிட்டுப் போயிருந்தது. மூன்று நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர். பதினோரு மாடுகளும் தொட்டியை நோக்கி நகர்ந்தன. திடீரென்று பத்து மாடுகள் மூக்கை உயர்த்தி, வாலைத் தூக்கிக்கொண்டு நாலடி ஓடி நின்றன. அதற்குள் பதினோராவது மாடான மயிலை தொட்டியில் வாய் வைத்திருந்தது.

காங்கேயம் பக்கத்து மாடுகளின் கொம்படியில் முகர்ச்சில்லு பதிக்கத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு மாடு முகர்வது, சுற்றுவட்டாரத்து மாடுகளுக்கெல்லாம் அந்த நொடியே எட்டும். மழையற்ற கோடையில் மேய்ச்சல் காடுகள் தாமாகப் பற்றிக்கொள்ளும். ஒரு மாட்டுக்குப் புகை தெரிந்தால் அத்தனையும் தப்பிக்கும். இரண்டு கோடைகள் அப்படித்தான் நடந்தது. மூன்றாவது கோடையில் மாடுகள் ஒன்றைக் கண்டுபிடித்தன: புகையை நினைத்தாலே போதும், அது போய்ச் சேர்ந்துவிடும்.

"இந்தப் பொய்யெல்லாம் எங்க கத்துக்கிச்சுன்னே தெரியல," என்றார் மாடுகளின் சொந்தக்காரர் ராக்கியண்ணன்.

"நம்ம கூடத்தானுங்க இருக்குது," என்றாள் அவர் மனைவி பாவாயி.

மயிலைக்குப் பதிலடியாகக் காரி ஒரு பொய்ப்புகை விட்டது. செவலை இன்னொன்று. எட்டு மணிக்குள் பதினேழு தீ எரிந்து அணைந்திருந்தது. கடைசித் தீக்கு ஒரு மாடும் தலையைத் தூக்கவில்லை.

உச்சிப்பொழுதில் பாவாயி சொன்னாள்: "ஏனுங்க, நெசமாலுமே பொகை நாறுதுங்க."

மேற்கே பனைகளுக்கு மேல் கரும்புகை எழுந்திருந்தது. நாலு வருஷப் பஞ்சத்தில் நாற்பது மாடுகளில் மிஞ்சியவை இந்தப் பதினொன்றுதான். ராக்கியண்ணன் ஓடிப்போய்க் கிளுவை வேலியின் படலைத் திறந்தார். கத்தினார். கயிற்றைப் பிடித்து இழுத்தார். மயிலை அசைபோட்டுக்கொண்டே அவரைப் பார்த்தது. இப்படி எத்தனை புகையைப் பார்த்திருக்கிறோம் என்ற பார்வை.

வைத்தியம் பார்க்கும்போது சில்லை நிறுத்துவதற்கென்று ஒரு காந்தவில்லை கொடுத்திருந்தார்கள். அதை மயிலையின் கொம்படியில் அழுத்தினார். மாடு அசையாமல் நின்றது. நெடுநேரம் எதுவுமே நடக்கவில்லை. பிறகு, வெகுநாள் கழித்துத் தன் சொந்த மூக்கால் அது ஒரு மூச்சு இழுத்தது. கயிற்றைப் பறித்துக்கொண்டு படலைத் தாண்டிப் பாய்ந்தது. மற்றவை புகையை நம்பவில்லை. முன்னால் போன வாலை நம்பின. பதினொன்றும் எரிய ஏதுமில்லாத வறண்ட ஏரிக்குள் இறங்குவதைப் பார்த்துவிட்டு, ராக்கியண்ணன் வீட்டு வாசல் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். காந்தவில்லையைப் பக்கத்தில் வைத்தார்.

"நாம போகலீங்களா?"

"இரு புள்ளே. அறிவிப்பு வரட்டும்."

மனிதர்களுக்குக் காதின் பின்னால் செவிச்சில்லு. பாவாயிக்கு மட்டும் அது ஒத்துக்கொள்ளாமல் காது வீங்கி, எடுத்துவிட்டார்கள். ராக்கியண்ணனின் சில்லு இனிய குரலில் சொன்னது: "தீ வருகிறது என்ற இச்செய்தி உங்கள் ஊரில் இக்கோடையில் நாற்பத்தொரு முறை பொய்யாகப் பகிரப்பட்டுள்ளது. நம்ப வேண்டாம்." சித்திரையில் அதில் ஆறு முறை பகிர்ந்தவர் அவரேதான்.

"வதந்தியாம்," என்றார்.

"கண்ணு முன்னால எரியுதுங்க!"

"கண்ணுல படறதெல்லாம் நெசமாயிருமா? காதுல ஒண்ணுமில்லாதவ, உனக்கென்ன தெரியும்?"

அவருடைய மோர் டம்ளரில் சாம்பல் வந்து விழுந்தது. அதை விரலால் ஒதுக்கிவிட்டு ஒரு வாய் குடித்தார்.

பாவாயி காந்தவில்லையை எடுத்து, பின்னால் வந்து, அவர் காதடியில் அழுத்தினாள்.

பன்னிரண்டு ஆண்டுகளில் முதல்முறையாக அவருக்குள் ஒரு குரலும் இல்லை. அந்த அமைதியில் மெல்ல மெல்ல ஒரு வாசனை வந்தது. டம்ளர் கைநழுவியது.

"அடி பாவாயி! தீ! ஓடு புள்ளே!"

கட்டிலைத் தாண்டிக் குதித்து, மயிலை போன வழியிலேயே ஓடினார்.

பாவாயி தெருவைப் பார்த்தாள். மேற்கு வானம் சிவந்துகொண்டிருந்தது. வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்று, கண்களைப் பாதி மூடி, காதில் வருவதைக் கேட்டபடி வெற்றிலையோ எதுவோ நிதானமாக மென்றுகொண்டிருந்தார்கள். அவள் காந்தவில்லையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முதல் வாசற்படியில் ஏறினாள்.