கேள்விக்குறிக்குப் பின்

மாலை ஆறு மணிக்கு மழை விட்டது. சன்னல் கம்பிகளில் நீர் சொட்டும் சத்தமும், மேசைக்கடியில் சர்வர் பெட்டியின் விசிறி முனகுவதும், சூடேறிய தூசியின் வாடையும் தவிர மாடி அறையில் வேறெதுவும் இல்லாதபோது, திரையில் ஓடும் வருகைப் பதிவில் ஒரு வரி விழுந்தது. யாரோ அவளுடைய சோதனைப் பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள்.

அது யாரும் வரக்கூடாத பக்கம். வாடிக்கையாளருக்குப் புது இணையத் தளம் எழுதும்போதெல்லாம் முதலில் அதைத்தான் போடுவாள். வருகிறவரின் முகவரி, அவர் கையிலிருக்கும் கருவி, இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் அவர் சேர்த்த சொற்கள், சர்வரின் பெயர், அத்தனையையும் அப்படியே கொட்டிக் காட்டும். வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். இந்த முறை மறந்திருந்தாள்.

வரியின் கடைசியில் இருந்தது: கை=கூடிடுச்சா

வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அதைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கியவன் அவள் கணவன். அவள் வேலை செய்யும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பான். அந்தப் பக்கத்துக்கு அவள் எப்போதும் ஒரே பெயர்தான் வைப்பாள் என்று அவனுக்குத் தெரியும். அவளுடைய வாடிக்கையாளர்களின் தளங்களில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருப்பான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகாமல், இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்து உடன் வந்து தங்கியவள் அக்கா. வேறு யாருக்கும் இடம் தெரியாது. பெட்டியின் இரைச்சலைக் கேட்டு, பேசாம இதையே நீ கட்டிக்கிட்டிருக்கலாம்டி, கையாவது மிஞ்சியிருக்கும் என்று சிரிப்பாள்.

அந்தப் பக்கம் வேறு என்ன காட்டியிருக்கும் என்று பார்த்தாள். சர்வரின் பெயர் என்ற இடத்தில், அடையாளத்துக்காக அவளே வைத்த பெயர் இருந்தது. இந்தத் தெருவின் பெயரும் இந்த வீட்டின் கதவு எண்ணும்.

போலீஸை அழைத்தாள். வண்டி வரும், கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். கீழ் வாசலையும் அறைக் கதவையும் பூட்டினாள்; வாசலின் இன்னொரு சாவி அக்காவிடம் இருந்தது. அக்காவை அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. அவள் தன் கடையை மூடிவிட்டு வருகிற நேரம், வண்டி ஓட்டிக்கொண்டிருப்பாள். பக்கத்தை அழிக்க மட்டும் மனம் வரவில்லை. அழித்துவிட்டால் அவன் எங்கே வந்துகொண்டிருக்கிறான் என்பது தெரியாமல் போகும்.

இன்னொரு வரி விழுந்தது. இந்த வீட்டு வைஃபைக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கிற முகவரி. கருவி, அக்காவின் போன்.

வந்துவிட்டாள். தாழ்ப்பாளில் கை வைத்தபடி மீதியைப் படித்தாள்.

அக்கா=முனகுறா

கீழே ஒரு நாற்காலி விழுந்தது. பிறகு இழுக்கும் சத்தம். ஈரச் சாக்கைத் தரையில் இழுப்பது போல. மெதுவாக. படியில் ஏறியது. நின்றது. அடுத்த படியில் எதுவோ இடித்தது. கனமாக. இன்னொரு படி.

அவள் திரைப் பக்கம் திரும்பினாள்.

அடுத்த வரி.

அக்கா=

சமக்குறிக்குப் பின் ஒன்றுமில்லை.

இழுக்கும் சத்தம் கதவுக்கு வெளியே நின்றது. இரும்பு வாடை. கதவின் அடியில் வெளிச்சம். போன் உள்ளே தள்ளப்பட்டு அவள் காலருகே வந்து நின்றது. திரை திறந்திருந்தது. அக்காவின் கட்டைவிரல் பட்டால்தான் திறக்கிற போன்.

அதன் பின்னால் அந்த விரலும் வந்தது.

விரல் மட்டும்.

"நீ எந்த ரூம்ல இருக்கேன்னு உங்கக்கா கடைசி வரைக்கும் சொல்லவே இல்லடி, உன் பெட்டியோட இரைச்சல்தான் சொல்லுச்சு," என்றான் அவன், மூச்சு வாங்காமல். "அவளுக்காகவாவது கதவைத் திறப்பியா?"