முள் முறிந்த மீன்

பாறைகளுக்கிடையே கவிழ்ந்து கிடந்த உடலைக் காலையில் கரையேற்றினார்கள். இறந்தவர் கடலில் முங்கிச் சங்கு எடுப்பவர், பழுத்த அனுபவசாலி. உடலில் ஒரு கீறல் இல்லை. முதுகுச் சிலிண்டரில் பாதிக் காற்று மிச்சமிருந்தது.

"நெஞ்சு வலியா இருக்கும்மா," என்றார் ஏட்டு.

பெண் இன்ஸ்பெக்டர் குனிந்தார். காற்றுக்குழாயின் வாய்ப்பகுதியைத் தூக்கிப் பார்த்தார். ரப்பரில் பற்கள் ஆழப் பதிந்து, ஒரு துண்டு அறுந்தே போயிருந்தது.

மதியம் மருத்துவர் போனில் சொன்னார்: "இதயத்துல கோளாறு இல்லை. மூழ்கித்தான் இறந்திருக்கார். கடைவாய்ப் பல் ஒண்ணு உடைஞ்சிருக்கு."

மாலையில் இன்ஸ்பெக்டர் இறந்தவரின் வீட்டுக்குப் போனார். மனைவி கூடத்துச் சுவரில் சாய்ந்து கிடந்தாள். அவளுடைய தம்பி, சொந்தப் படகுக்காரன், சமையலறையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தான். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"நேத்து கடலுக்குப் போனீங்களா?"

"போனேன். தூண்டில்தான். வலை கிழிஞ்சு கெடக்கு."

"மாமா படகைப் பார்த்தீங்களா?"

"இல்லைங்க."

"இந்த மீன்?"

"நேத்துப் பிடிச்சது. பிள்ளைங்க காலையிலேர்ந்து பட்டினி. அதான்..."

இன்ஸ்பெக்டர் கத்தியை வாங்கிக்கொண்டார். முழங்கை நீள மீன். மேல்தோலில் சேதமில்லை. வாயில் கொக்கி குத்திய தடமும் இல்லை. முதுகோரமாகப் பிளந்தார். உள்ளே ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. நடுமுள் இரண்டாக முறிந்திருந்தது. இன்னொன்றைப் பிளந்தார். அதுவும் அப்படியே.

"கரண்ட் வலை போட்டிருக்கே."

அவன் மிச்ச மீன்களைத் தன் பக்கம் இழுத்தான்.

"மணலுக்குள்ள பதுங்குற மீனைக் கிளப்ப, வலையில விட்டு விட்டுக் கரண்ட் பாய்ச்சுறது. தடை பண்ணியாச்சு, தெரியுமில்ல? ரெண்டு பக்கத் தசையும் ஒரே நேரத்துல சுண்டி இழுக்கும். மீன் தன் முள்ளைத் தானே முறிச்சுக்கும். அதான் வெளிய காயமில்லை. மனுஷனுக்கும் தசைதானே? உன் மாமாவுக்குத் தாடை இறுகிடுச்சு, பல்லு உடையிற அளவுக்கு. ரப்பர் கிழிஞ்சு தண்ணி உள்ள போயிருக்கு. கை காலை அசைக்க முடியலை. அவரைக் கொன்னது நீதான்."

அவன் மீன்களை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"மாமா முங்குற இடத்துக்கு அடையாளமா போட்டிருந்த மிதவைக் கொடியைப் பார்த்தேம்மா. அவரு தள்ளி இருப்பாருன்னு நெனச்சுட்டேன். மீன் கூட்டமா நின்னுச்சு... அப்புறம் காத்துக்கிட்டே இருந்தேன். அவரு மேல வரவே இல்லை."

"இறங்கித் தேடலையா?"

"பயந்து ஓடி வந்துட்டேன்."

கதவருகே நிழலாடியது. அக்கா எழுந்து வந்திருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"காலையிலேர்ந்து என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதியேடா. அது யாருக்கு?"

"மாமாவுக்குத்தான்க்கா."

அது பொய்யில்லை. அவனைத் தூக்கி வளர்த்தவளுக்கு அது தெரிந்தது. திட்ட வாயெடுத்தவள் திட்டாமல், நிலைப்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.