ஒன்றரை கிராம் குறைந்த கார்

சனிக்கிழமை, காலை 9.10.

பள்ளிக்கூடத்தின் விளையாட்டு அறையில் இரும்பு பீரோவைச் சுற்றி எட்டுக் குழந்தைகள் நின்றார்கள். அவர்களைவிடப் பதற்றமாக அவர்களைப் பெற்றவர்கள் நின்றார்கள். எடை மேடம் முந்தின நாள் மாலை பூட்டில் கம்பி கோத்துத் தானே அழுத்திய ஈய முத்திரையைப் பார்த்தார். யாரும் தொட்ட அடையாளம் இல்லை. கம்பியை வெட்டிப் பூட்டைத் திறந்தார். குழந்தைகள் ஆளுக்கொரு பெட்டியை எடுத்துக்கொண்டார்கள்.

நான்காம் எண் பெட்டியைத் திறந்த பத்து வயதுப் பெண் அப்படியே நின்றாள். உள்ளே கார் இல்லை. இழைத்துத் தேய்த்த ஒரு மரக்கட்டை இருந்தது.

அது குழந்தைகளுக்கான பந்தயம். மரத்தில் செய்த பொம்மைக் காரைச் சாய்வுப் பலகையின் உச்சியிலிருந்து விட வேண்டும். மோட்டார் கிடையாது, எடை நூற்றைம்பது கிராமைத் தாண்டக் கூடாது. காரைக் குழந்தைதான் செய்ய வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. அதைப் பெற்றோர்கள் மறந்து நாளாயிற்று. பல் டாக்டர் மூன்று நாள் கிளினிக்கை மூடிவிட்டு, பல்லுக்கு மெருகேற்றும் கருவியால் கார் அச்சுகளைத் தேய்த்தார். காருக்குச் சொந்தக்காரனான மகன் அந்த மூன்று நாளும் டிவி பார்த்தான். ஆடிட்டர் அம்மா விதிமுறைகளை முப்பது பக்கத்துக்கு எழுதிக் கோப்பில் போட்டு வைத்திருந்தார்.

போன வருடம் தராசு சரியில்லை என்று கைகலப்பு வரை போய்விட்டது. அதனால்தான் இந்த வருடம் எடை அளவைத் துறை ஆய்வாளரையே கூப்பிட்டிருந்தார்கள். எல்லோருக்கும் அவர் எடை மேடம். "உங்களுக்குக் குழந்தை இல்ல, பாரபட்சம் வராது" என்று சொல்லியே கூப்பிட்டார்கள். எடை மேடம் சிரித்துக்கொண்டு சம்மதித்தார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வார்த்தை உறுத்தியது.

9.25. விசாரணை.

"நேத்து எடை போட்டதும் காரைப் பெட்டியில யாரு வெச்சது?" என்று பெண்ணிடம் கேட்டார்.

"நான்தான். மூடி, பெஞ்சுல வெச்சுட்டுக் கை கழுவப் போனேன். கையெல்லாம் பெயிண்ட்டு."

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிஷம். திரும்பி வந்து நானே தூக்கிட்டுப் போய் பீரோவுல வெச்சேன்."

"பெஞ்சுகிட்ட யாரெல்லாம் இருந்தாங்க?"

"அப்பா, டாக்டர் அங்கிள், ஆடிட்டர் ஆன்ட்டி."

எல்லாக் கண்களும் டாக்டர் மேல் திரும்பின. அவர் பொங்கிவிட்டார்.

"நான் ஏன் மேடம் எடுக்கணும்? கனமான கார்தான் வேகமா ஓடும். என் கார் சரியா நூத்தம்பது. இவ அப்பா காரு ஒன்றரை கிராம் கம்மி. அதை ஜெயிக்க நான் திருட வேற செய்யணுமா?"

"உங்க காரா?"

டாக்டர் தொண்டையைச் செருமினார். "பையன் கார்."

எடை மேடம் பதிவேட்டைப் பார்த்தார். ஏழு கார்கள் நூற்றைம்பது. நான்காம் எண் மட்டும் 148.5.

அந்தப் பெண்ணின் அப்பா லேத் பட்டறைக்காரர். டாக்டருக்குப் பின்னால் ஒதுங்கி நின்றிருந்தார்.

"ஏன் சார் குறைச்சு விட்டீங்க?"

"எடை கூட்ட மிச்ச ஈயத்தை வைக்கணும்னா, கார்ல இருக்கற டிரைவர் முகத்துலதான் ஓட்டை போடணும் மேடம். அவ வரைஞ்ச முகம். வேண்டாம்னுட்டா. மூணு நாள் முன்னாடியே பட்டறையில எடை போட்டுப் பார்த்து, அதோட விட்டுட்டோம்."

ஆடிட்டர் அம்மா கோப்பைப் புரட்டினார். "விதி பத்தொன்பது. நம்ம காவல்ல இருக்கும்போது கார் காணாமப் போனா, போட்டி நாலு வாரம் தள்ளிப் போகும்." அறை முழுக்க முணுமுணுப்பு எழுந்தது.

9.40. எடை மேடம் மரக்கட்டையைத் தராசில் வைத்தார். 148.5. யாரிடமும் சொல்லாமல் வாசல் பக்கம் நடந்தார்.

வாசலில் பெண்ணின் அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தார். "நாளைக்குச் சாமான் ஏத்த லாரி வேண்டாங்க. ரேஸ் தள்ளிப் போகும் போல." போனை வைத்துவிட்டு அலுத்துக்கொண்டார். "எனக்கு வேற ஊருக்கு மாற்றல் மேடம். ரேஸ் முடிஞ்சாத்தான் வருவேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. அவங்க அப்பாவும் நானும் பிரிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு."

9.50. மாடிப்படிக்குக் கீழே யாரும் இல்லை. எடை மேடம் பட்டறைக்காரரைத் தனியே கூப்பிட்டார்.

"காரை எடுங்க சார்."

அவர் தோளில் கிடந்த கருவிப் பையை இறுக்கிப் பிடித்தார்.

"பூட்டும் முத்திரையும் அப்படியே இருக்கு. அப்போ மாத்தினது அந்த அஞ்சு நிமிஷத்துலதான். கட்டை முன்னாடியே தயாரா இருந்திருக்கு. வேற யாராவது செஞ்சிருந்தா நூத்தம்பதுக்குச் செஞ்சிருப்பாங்க, எல்லாரும் போய் நிக்கிற எடை அதுதானே. இந்தக் கார் ஒன்றரை கிராம் குறையும்னு நான் நிறுக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சவங்க ரெண்டே பேர். ஒருத்தி கை கழுவப் போயிருந்தா."

பட்டறைக்காரர் கருவிப் பையைத் திறந்தார். கார் மெத்தென்ற துணிக்குள் இருந்தது.

"எடை மாறினா தூக்கும்போதே கண்டுபிடிச்சுடுவா மேடம். அதான் சரியா இழைச்சேன்." காரை அவரிடம் நீட்டினார். "முன்னாடி மாசத்துக்கு ரெண்டு மணி நேரம்தான் அவளைப் பார்ப்பேன். இந்தக் காரை ஆரம்பிச்சப்புறம் நாலு மாசமா வாரா வாரம் பட்டறைக்கு வந்தா. இன்னும் நாலு வாரம் கிடைக்கும்னு நெனைச்சேன். தப்புதான்."

"எனக்கு நேத்தே தெரியும்ப்பா."

படிக்கட்டின் அந்தப் பக்கம் மகள் நின்றிருந்தாள்.

"நம்ம காருக்குப் பின்னாலதானே கனம்? தூக்கினா பெட்டி பின்பக்கம் சாயும். நேத்து சாயல."

"அப்புறம் ஏம்மா சொல்லலை?"

"சொன்னா ரேஸ் நடந்துடும்ல?"

பட்டறைக்காரர் படியில் உட்கார்ந்து அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். எடை மேடத்துக்கு முகத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. இப்படித் தன்னோடு இருக்க ஆசைப்படும் ஒரு பிள்ளைக்காக அவரும் பல வருடம் ஏங்கியிருக்கிறார்.

"காரை மறைச்சு வைக்க என்னால முடியாது கண்ணு" என்றார் மெதுவாக. "ஆனா அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசிப் பார்க்கிறேன்."

10.20. "கார் கிடைச்சாச்சு. பெட்டியில மாறிப் போயிருந்துது" என்று அறிவித்தார். யார் மாற்றினார்கள் என்று வாசலில் இருந்த பெண்ணின் அம்மாவிடம் மட்டும் சொன்னார். அம்மா வாசல்படியில் உட்கார்ந்தார். "மாற்றலை நிறுத்த முடியாது மேடம்" என்றார். "லீவு முழுக்க அவர்கிட்ட அனுப்பறேன்."

லீவுக்கு ஐந்து மாதம் இருந்தது.

10.40. முதல் சுற்றுக்கு நான்கு கார்கள் பலகையின் உச்சிக்கு வந்தன.

"நீ வைம்மா" என்றார் பட்டறைக்காரர்.

"நீயும் பிடிப்பா."

"விதி ஏழு!" என்று ஆடிட்டர் அம்மா எழுந்தார். "பெத்தவங்க தொடக் கூடாது!"

"உட்காருங்க" என்றார் எடை மேடம்.

விசில் ஒலித்தது. மூன்று கார்கள் சரசரவென்று இறங்கின. டாக்டர் துள்ளிக் குதித்தார். நான்காம் தடத்தில் கார் உச்சியிலேயே இருந்தது. பெரிய கையும் சின்னக் கையும் அதை இன்னும் விடவில்லை.