லாஹிரியின் குரல்

கண்ணாடிப் பெட்டிக்குள் உறை மட்டும் கிடந்தது. அதற்குள் இருக்கவேண்டிய கசெற்றைக் காணவில்லை.

2009, ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை. பிற்பகல் இரண்டேமுக்கால். லண்டன் வால்தம்ஸ்டோ மண்டபத்தில், கண்காட்சிக்கு வந்தவர்களால் கதிரைகள் நிரம்பத் தொடங்கியிருந்தன. மூன்று மணிக்கு அந்தக் கசெற்றைப் போடுவதாக ஏற்பாடு. வந்தவர்களில் பாதிப் பேர் அதைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

செல்வமலர் அழவில்லை. பக்கத்தில் நின்ற குமுதினியின் கையை இறுகப் பிடித்தாள்.

"பிள்ளை, என்ர தம்பியை ஆரோ எடுத்துக்கொண்டு போயிட்டாங்கள்."

நிருபம் லாஹிரி என்பவர் வங்காளத்து எழுத்தாளர் ஒருவர் கற்பனையில் படைத்த துப்பறிவாளர். நாவலில் பிறந்து, பிறகு சினிமாவுக்கும் சித்திரக்கதைக்கும் போனவர். 1983 ஆனியில் கொழும்பு வானொலிக் கலையகம் ஒன்றில், 'நீலப் படகு' என்ற லாஹிரி கதையைத் தமிழ் நாடகமாக ஒலிப்பதிவு செய்தார்கள். லாஹிரியாக நடித்தவன் செல்வமலரின் தம்பி சிவானந்தன். அடுத்த மாதம் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. நாடகம் ஒலிபரப்பாகவே இல்லை. நடித்தவர்களும் திக்குத் திக்காகச் சிதறிப்போனார்கள். எஞ்சியிருந்த ஒரே பிரதி போன வாரம்தான் லண்டனுக்கு வந்து சேர்ந்தது.

சிவானந்தன் கடைசியாகத் தொலைபேசியில் பேசியது சித்திரையில், வன்னியிலிருந்து. வைகாசியில் போர் முடிந்த பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

கசெற்றைக் கண்காட்சிக்குக் கொடுத்தபோது செல்வமலர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் கேட்கமுன்னம் வேற ஒருத்தரும் கேட்கக்கூடாது." பார்சலைக்கூட அவள் இன்று காலையில்தான் பிரித்தாள்.

"பொலிசுக்குச் சொல்லுவமா அக்கா?" என்றாள் குமுதினி.

"வேண்டாம். எல்லாரும் எங்கட ஆக்கள்."

குமுதினிக்கு வேலை நீதிமன்றங்களிலும் பொலிஸ் நிலையங்களிலும் மொழிபெயர்ப்பது. ஒருவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் இன்னொருவருக்குச் சொல்லிச் சொல்லி, கேட்ட சொற்கள் அவள் காதிலேயே தங்கிவிடும். அவள் பெட்டியைக் குனிந்து பார்த்தாள். பூட்டு இல்லை, வெறும் கொளுக்கிதான். உறையில் இளம் சிவானந்தனின் படமும் பெயரும் இருந்தன. ஞாபகப்பொருள் சேர்க்கிறவன் என்றால் முதலில் உறையை அல்லவா எடுத்திருப்பான்?

அவள் சுவரிலிருந்த பலகைகளை வாசித்தாள். 'நீலப் படகு' நாவலில் லாஹிரி கொலைகாரனைப் பிடிப்பது அவனுடைய அத்தர் வாசனையை வைத்து. வாசனையைப் படம் பிடிக்க ஏலாது என்பதால் சினிமாக்காரர் அதைக் கிழிந்த சால்வை ஆக்கிவிட்டார்கள். சித்திரக்கதையிலும் அதே சால்வைதான், இரத்தச் சிவப்பில். நான்காவது பலகையில் 'வானொலி' என்று தலைப்பு. அதன் கீழே 'இன்று மூன்று மணிக்குத் தெரியும்' என்ற ஒற்றை வரி மட்டும்.

மதியம் எல்லோரும் கீழே சாப்பிடப் போகும்வரை கசெற் பெட்டிக்குள்தான் இருந்தது. அந்த நேரம் மேலே நின்றவர்கள் மூன்று பேர். குமுதினி ஒவ்வொருவராகக் கேட்டாள்.

நாவலைத் தமிழாக்கியவர் யோகராஜா. முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

"நீங்கள் இதைப் போடவேண்டாம் எண்டு சண்டை பிடிச்சனீங்கள் தானே அண்ணை?"

"ஓம், பிடிச்சனான். சனம் செத்துக் கிடக்கேக்க நாடகம் கேட்கிறதோ? ஆனால் நான் எடுக்கேல்லை."

"அதில என்ன இருக்கெண்டு தெரியுமா?"

"அவங்கள் கதையை எப்பிடி மாத்தியிருப்பாங்களோ, எனக்கே தெரியாது."

அடுத்தது தயாளினி. லாஹிரியை ஆங்கிலச் சித்திரக்கதையாக வரைகிற பெண்.

"நீர் கசெற்றைக் கேட்டனீராம்?"

"ஓம் அன்ரி, கொப்பி பண்ணக் கேட்டனான். செல்வமலர் அன்ரி நோ எண்டிட்டா. எனக்குக் கோபம்தான். பட் எடுத்து என்ன செய்யிறது? என்னட்டைப் பிளேயரே இல்லை."

மூன்றாவது ஆள் கஸ்பர். ஜெர்மனியில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்து, ஃபாரஸ்ட் கேட்டில் ரேடியோ, டீவி திருத்துகிறவர். மேடைக்குப் பின்னால் வயர்களுக்கு நடுவே முழங்காலில் நின்றார். காதில் ஒரு பென்சில்.

"சாப்பிடப் போகேல்லையா அண்ணை?"

"எங்க போறது? ஸ்பீக்கரில பாஸ் சத்தம் கூடிப்போச்சு. இப்பிடி விட்டால் அந்தச் செருப்புச் சத்தம் கேளாது. அதைத்தான் சரிபண்ணிக்கொண்டு நிண்டனான்."

"ஆரும் பெட்டிப் பக்கம் வந்தவையா?"

"நான் காணேல்லை. நான் கசெற்றைத் தொடவே இல்லை பிள்ளை. அக்கா சொன்ன சொல்லு எனக்குத் தெரியும்."

குமுதினி வெளியே வந்து நான்காவது பலகைக்கு முன்னால் நின்றாள். ஒரே கதை, ஆனால் போகிற இடத்துக்கு ஏற்றபடி தடயம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. எழுத்தில் வாசனை, திரையில் துணி. வானொலியில் இரண்டுமே எடுபடாது. அங்கே ஏதாவது ஒரு சத்தம்தான் கொலைகாரனைக் காட்டிக்கொடுக்க வேண்டும். என்ன சத்தம்?

அவள் செல்வமலரை அழைத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனாள்.

"கஸ்பர் அண்ணை, ஆரின்ர செருப்பு?"

அவர் நிமிர்ந்தார்.

"புத்தகத்தில செருப்பு இல்லை. படத்திலயும் இல்லை. தமிழாக்கின யோகராஜா அண்ணைக்கே வானொலியில என்ன வருதெண்டு தெரியாது. செருப்புச் சத்தம் கேளாமல் போயிடும் எண்டு நீங்கள் பயப்படுறீங்கள். அப்பிடியெண்டால் நீங்கள் அந்தக் கசெற்றைக் கேட்டிட்டீங்கள்."

கஸ்பரின் கை தன்பாட்டில் காதுக்குப் போனது.

"அந்தப் பென்சிலும்தான். எழுத இங்க ஒரு துண்டுப் பேப்பர்கூட இல்லை. கசெற்றுக்குள்ள இழுபட்ட நாடாவைப் பென்சிலாலதான் சுத்துறது. களவெடுக்க வந்தவர் உறையை விட்டிட்டுப் போகமாட்டார். திருப்பி வைக்க நினைச்சவர்தான் விடுவார்."

கஸ்பர் கருவிப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய கசெற்றை எடுத்தார். செல்வமலரின் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"இருபத்தாறு வருசத்து நாடா அக்கா. சனத்துக்கு முன்னால அறுந்துபோனால் என்ன செய்யிறதெண்டு பயந்து, சாப்பாட்டு நேரம் ஒருக்காப் போட்டுப் பாத்தன். பிறகு நிப்பாட்ட மனம் வரேல்லை. கடைசியில மெஷின் விழுங்கிப்போட்டுது. ஒட்டிப்போட்டுச் சத்தமில்லாமல் வைப்பம் எண்டு நினைச்சன். ஒட்டியும் ஆச்சு. கடைசித் துண்டுதான் கசங்கிப்போச்சு. அது இனிச் சரிவராது."

குமுதினி செல்வமலரின் பக்கம் திரும்பினாள். கோபத்தை எதிர்பார்த்தாள். செல்வமலர் கசெற்றைக் கையில் வாங்கி, பெருவிரலால் மெல்லத் துடைத்தாள்.

"அவன்ர குரல் எப்பிடிக் கிடந்தது?"

"நல்ல தெளிவு அக்கா. நடுவில ஒரு இடத்தில சிரிக்கிறார்."

அவள் கண்களை ஒருமுறை மூடித் திறந்தாள். "சிரிக்கிறானா?" என்றாள். பிறகு கசெற்றை அவரிடமே நீட்டினாள். "உங்களுக்கு மட்டும்தான் அதின்ர பக்குவம் தெரியும். நீங்களே போடுங்கோ."

மூன்றரை மணிக்கு நாடகம் தொடங்கியது. சிவானந்தனின் இருபத்துநான்கு வயதுக் குரல் மண்டபத்தை நிறைத்தது. பாதியில் அந்தச் சிரிப்பு வந்தது. செல்வமலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசிக் காட்சியில், மரப் படிகளில் ஒரு செருப்பு இழுபடும் சத்தம் துல்லியமாகக் கேட்டது.

"கொலைகாரர் இந்த அறைக்குள்தான் நிற்கிறார்," என்றது லாஹிரியின் குரல். "அவருடைய பெயர்..."

பிறகு வெறும் இரைச்சல்.

சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. முன்வரிசையிலிருந்து யோகராஜா எழுந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

"தங்கச்சி, நாவலில ஆரெண்டு எனக்குத் தெரியும். மிச்சத்தை நான் சொல்லட்டா?"

செல்வமலர் திரும்பிப் பார்த்தாள்.

"வேண்டாம் அண்ணை. அவன் வந்து சொல்லட்டும்."

யோகராஜா உட்கார்ந்தார்.