ஊசிப்புல் திடல்

“தீப்பெட்டி இருந்தா இங்கயே குடுத்துடுங்க, அக்கா. காட்டுக்குள்ள ஒரு பொறிகூட விழக்கூடாது!”

மாயாற்றங்கரையில் பரிசல் ஏறுமுன் நப்பின்னை கையை நீட்டினாள். பொம்மி முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தீப்பெட்டியை அந்தக் கையில் வைத்தாள். “காட்டுல பொறந்தவளுக்கே சோதனைங்களா அம்மிணி? நல்லாருக்குது!” என்று சிரித்தாள். நப்பின்னை அதைத் தன் தோள்பையின் அடியில் திணித்தாள். புல்லினங்களைக் கற்றுத் தேர்ந்தவள் அவள்; புல்லுக்கு முதற்பகை தீ என்பதில் அவளுக்கு ஐயமே இருந்ததில்லை.

அவர்கள் தேடிப் புறப்பட்ட புதையல் பொன்னன்று, விதை. ஒரு காலத்தில் அப்பள்ளத்தாக்கு முழுவதும் முழங்கால் உயர ஊசிப்புல் அலையடித்த முல்லை நிலம். முறுக்குக் கொம்புப் புல்வாய் மான்கள் துள்ளிய இடம். பிறகு உண்ணிச்செடி புகுந்தது. மான் தீண்டாத அந்தப் புதர் வெயிலை மறைத்துப் புல்லைக் கொன்றது. பொம்மியின் ஊர்ப் பெண்கள் இரண்டு கோடைக்காலம் கைகள் கிழியப் பாடுபட்டு, பத்து ஏக்கரில் அதை வேரோடு பிடுங்கியிருந்தனர். வரும் மழைக்கு முன் அங்கே ஊசிப்புல் விதை விழவேண்டும். விழாவிட்டால் உண்ணியே மீண்டும் முளைக்கும். அத்தனை உழைப்பும் பாழ். அந்த விதையோ எங்கும் கிடைக்கவில்லை. பழைய நிலவரைபடம் ஒன்றின் மூலையில் மட்டும், மங்கிய மையில், ‘ஊசிப்புல் திடல்’ என்று எழுதியிருந்தது. அதை நம்பி நப்பின்னை அப்பெண்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள்!

பரிசலைச் செலுத்தியவன் பொம்மியின் கணவன் சடையன்; காட்டுக் காவலாள். மாசி வெயிலிலும் அவன் தோளில் கருங்கம்பளி கிடந்தது.

“எரியற வெயில்ல கம்பளி! இந்தாளுக்கு என்னையக் கட்டி வெச்சதுக்கு ஒரு செம்மறியாட்டக் கட்டி வெச்சிருக்கலாம்,” என்றாள் பொம்மி.

“ஆடா இருந்தா இத்தன பேசாதுல்ல,” என்றான் சடையன்.

அந்நேரம் நீரில் மிதந்த கட்டையொன்று கண் விழித்தது. “கைய உள்ள இழுங்க! முதல!” துடுப்பு நீரை அறைந்தது, பரிசல் சுழன்று கரையில் மோதி நின்றது.

கரையேறியதும் உண்ணிக்காடு விழுங்கிக்கொண்டது. பன்றி போன தடங்களில் குனிந்து நுழைந்தார்கள். பத்தடி தள்ளி யானை நின்றாலும் கண்ணுக்குப் புலப்படாது. நின்றது! சடையன் மூக்கை நிமிர்த்திக் கையைத் தூக்கினான். இலைகளுக்கு அப்பால் காது விசிறும் ஓசை. பேருடல் ஒன்றின் வயிற்று உறுமல். மூவரும் மூச்சை அடக்கினர். நப்பின்னையின் உதடுகள் ஓசையின்றி மாயோனை அழைத்தன. நெடுநேரம் கழித்துக் கிளைகள் முறிந்து முறிந்து, ஓசை தொலைவில் தேய்ந்தது.

“முன்னெல்லாம் அர மைலுக்கு அப்பாலயே யான தெரியுமுங்க,” என்று கிசுகிசுத்தாள் பொம்மி. “தை மாசம், பனி காயறதுக்குள்ள, துண்டு துண்டாக் கொளுத்துவோம். ஈரத்துல தீ தவழ்ந்துதான் போகும். உண்ணிக் கன்னு கருகிரும். புல்லு வேர்ல இருந்து துளிர்த்துக்கும். அப்புறம் சர்க்காருல கொளுத்தக்கூடாதுன்னுட்டாங்க. இது ஏறிருச்சு.”

“தீ தீதான், அக்கா,” என்றாள் நப்பின்னை.

உச்சிவேளையில் புதர் சட்டென முடிந்தது. எதிரே செங்குத்தான பாறைச்சுவர். அதன் அடியில் பொன்னிறமாகச் சாய்ந்தாடும் ஊசிப்புல்! வரைபடம் பொய்க்கவில்லை. நப்பின்னை மண்டியிட்டு விதைக்கதிர்களை உருவித் துணிப்பையில் போடத் தொடங்கினாள். நான்கு பிடி எடுத்திருப்பாள்.

“பொகை!” என்று அலறினான் சடையன்.

மேற்கே, அவர்கள் வந்த வழியெல்லாம் தீ. எவர் கைப் பிழையோ, காய்ந்த உண்ணிப் புதரைப் பற்றிய நெருப்பு கொடிவழி ஏறி மரங்களின் தலையில் நடந்து வந்தது. காற்று அதை இவர்கள் பக்கமே தள்ளியது. பின்னால் ஏறமுடியாத பாறை!

“நடுத்திடலுக்கு ஓடுங்க!” என்று கத்தினாள் பொம்மி.

ஓடினார்கள். நப்பின்னையின் கையிலிருந்து விதைப்பை நழுவியது. சடையனின் கம்பளி தோளிலிருந்து சரிந்து, புல்லின்மேல் இழுபட்டு வந்தது. நடுவில் நின்று பொம்மி கையை நீட்டினாள்.

“தீப்பெட்டி, அம்மிணி! காத்துப் போற பக்கம் புல்லக் கொளுத்திட்டு, கருகுன எடத்துல போய்ப் படுத்துக்கலாம். எரிஞ்ச மண்ணுல தீக்குத் தின்ன ஒண்ணுமிருக்காது.”

நப்பின்னையின் கை பையின் வாயிலேயே உறைந்தது. பள்ளத்தாக்கின் கடைசி ஊசிப்புல்! அதற்குத் தன் கையாலேயே கொள்ளியா? “தீ அந்தப் புதரோட நின்னுடாதா, அக்கா?”

“நிக்கும். நம்ம சாம்பல் மேல நிக்கும்!”

நப்பின்னை தீப்பெட்டியை எடுத்து நீட்டினாள். ஒரே உரசல். புல் சீறிப் பற்றி, காற்றோடு பாறையை நோக்கி ஓடியது. அது விட்டுச்சென்ற கருநிலத்தில் மூவரும் குப்புற விழுந்தனர். சடையன் கம்பளியை அனைவர்மேலும் போர்த்தினான். வெளியே பெருந்தீ இடியென முழங்கியது.

“ஐயோ, கழுத்துல என்னமோ குத்துதே!” என்றாள் நப்பின்னை.

“சாவே தலமாட்டுல நிக்குது, குத்தறது பெருசாப் போச்சுங்களா? பேசாமப் படுங்க!”

முழக்கம் மெல்ல ஓய்ந்தது. கம்பளியை விலக்கினால் திடல் முழுதும் கரி. விதைப்பை கிடந்த இடத்தில் ஒரு பிடிச் சாம்பல். காத்திருக்கும் பெண்களின் முகங்கள் நப்பின்னையின் கண்முன் ஒவ்வொன்றாக வந்தன. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கை கழுத்தில் பட்டதும் சுரீரென்றது. பிடுங்கிப் பார்த்தாள். ஊசிமுனையும் முறுக்கிய வாலுமாக ஒரு விதை!

பாய்ந்துபோய்க் கம்பளியைப் புரட்டினாள். உட்புறம் முழுதும், ஒரு விரற்கடை இடமில்லாமல், ஆயிரமாயிரம் விதைகள் ஆட்டுமயிரில் தைத்துக் கிடந்தன. புல்லின்மேல் இழுபட்ட கம்பளி, திடலையே வாரிக்கொண்டு வந்திருந்தது!

சடையன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். “செம்மறியாடு இத்தனையும் கொண்டாருமா?”

பொம்மி சிரித்துக்கொண்டே, ஒரு விதையும் உதிராமல் கம்பளியை மடித்தாள்.

மறுநாள் நிலம் ஆறியதும் கம்பளியைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு சடையன் ஊருக்குள் நுழைந்தபோது பெண்கள் குலவையிட்டனர். மூன்று பகல் சுற்றி அமர்ந்து விதை பிடுங்கி, உண்ணி களைந்த நிலத்தில் தூவினர். முதல் மழையின் ஈரம் பட்டதும் விதைகள் தம் வாலைத் தாமே முறுக்கி மண்ணைத் துளைத்து இறங்கின. ஆவணியில் நிலம் பசந்தது. எரிந்த திடலோ அதற்கும் முந்திக்கொண்டு வேரிலிருந்தே துளிர்த்துவிட்டது. புல்லை இத்தனை ஆண்டுகள் படித்தும் பாதிதான் படித்திருக்கிறோம் என்று நப்பின்னைக்கு நாணமாயிருந்தது. தைப் பனியில் தீயிட இசைவு வேண்டி மேலிடத்துக்கு அவளே விண்ணப்பம் எழுதினாள். நான்கு மாதம் அலைந்து வாங்கியும் வந்தாள்.

தை மாதத்து வைகறையில், பனி சொட்டும் உண்ணிக் கன்றுகளின் ஓரம் பொம்மி வந்து நின்றாள். தொலைவில், புதிய புல்லில், முறுக்குக் கொம்பொன்று நிமிர்ந்து பார்த்தது. பொம்மி கை நீட்டவில்லை. நப்பின்னை தானே தோள்பையைத் திறந்து தீப்பெட்டியை நீட்டினாள்.